நான் அப்பவே கீறினனான்

எந்தப் புதுமையைக் காட்டினாலும் ‘நான் அப்பவே நினைச்சனான்’ என்று சொல்லும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. புலம்பெயர்ந்து ஹரோவில் வசிக்கும் அம்பலவாணர் அதன் தலைமகன். கைத்தொலைபேசியா? அப்பவே நினைத்தவர். சக்கரம் வைத்த பயணப்பெட்டியா? கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டி தூக்கிய அன்றே நினைத்தவர். நினைத்ததைச் செய்தாரா? அதெல்லாம் கேட்கக்கூடாது, ஐயா!

மின்பொறியியலாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்குப் பொழுதுபோக்கு, நூறாண்டுக்கு முந்தைய மின்சாரக் காப்புரிமை வழக்குகள். விளக்கையோ மோட்டாரையோ முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்று இரண்டு பேர் அடித்துக்கொண்டு நீதிமன்றம் போய், ஆளுக்கொரு வரைபடத்தைச் சாட்சியாக நீட்டுவார்களே, அவைதாம். தோற்றவனின் கதையைப் படித்தால் மனிதருக்குக் கண் கலங்கிவிடும். சொந்த இனமல்லவா!

வீட்டிலும் ஒரு வழக்கு நடந்தது. வாசல் மணியை அழுத்தினால் சமையல் நடக்கும் குசினியில் விளக்கு கண் சிமிட்டும். கிரைண்டர் இரைச்சலிலும் ஆள் வந்தது தெரியும். அந்த யோசனை தன்னுடையது என்றார் மனைவி செல்வமலர். இல்லை, என்னுடையது என்றார் இவர். கல்யாணமான நாள் தொட்டு ஒரு வழக்கிலும் வென்றறியாத மனிதர், இதையாவது வென்றுவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

2006இல், கிங்ஸ்பரி மண்டபமொன்றில் அந்தப் பழைய வழக்குகளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். விடுவாரா?

“படத்திலை இருக்கிற திகதியை நம்பாதேங்கோ! கீறின நாளிலை இல்லாத சாமான் ஒண்டு படத்துக்குள்ளை இருந்தால், ஆள் பிடிபட்டான்!” என்று முழங்கினார். கைதட்டல். அந்த உற்சாகத்தில், வாசல் மணிக்குத் தாமே கீறிய படத்தை விரித்துப் பிடித்தார். குசினியின் முழு அமைப்பு, மூலையில் கையெழுத்து, மணி பூட்டுமுன்பே கீறியதாக 1999 என்று திகதி. போன கிழமை தேத்தண்ணியில் நனைத்துக் காயவைத்துப் பழசாக்கிய தாள் அது என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

முன்வரிசையில் செல்வமலர் எழுந்தார்.

“இஞ்சாருங்கோ, ஒரு கேள்வி. படத்திலை குசினி பின்பக்கம் நீண்டு கிடக்குதே. பின்சுவரை இடிச்சு நீட்டினது போன வருசமல்லோ?”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அம்பலவாணர் படத்தை மெல்லச் சுருட்டினார். ஒப்புக்கொண்டாரா?

“ஓம்... அது வந்து... குசினியை நீட்டுறதையும் நான் அப்பவே நினைச்சனான்!”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இப்படித்தான் முடியும் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டதா? இந்தக் கதையை நீங்களே எழுத நினைத்திருந்தீர்களா? நல்லது. திகதி போட்டு எங்கேயாவது கீறி வைத்திருந்தால் எடுத்து வாருங்கள். செல்வமலர் அக்கா பார்த்துச் சொல்லட்டும்.