றேடியோவுக்கு உழக்குகிறவனின் இராஜினாமா

சண்டிலிப்பாய்,
12.8.1992

மதிப்புக்குரிய தம்பிஐயா மாமாவுக்கு,

மருமகன் சீவரத்தினம் பணிந்து எழுதுவது. முதியோர் இல்லத்தில் பதினாறு பேரும் பூரண சுகம். சுகமில்லாதவன் நான் ஒருவன்தான்.

நிர்வாகசபைத் தலைவராக நீங்கள் அனுப்பிய படிவம் கிடைத்தது. 'சமூக சேவையாளருக்கு வேலையில் திருப்தி உண்டா?' என்று கேட்டு, பதிலுக்கு ஒரு வரி விட்டிருக்கிறீர்கள். ஒரு வரி போதாது மாமா. இராஜினாமாக் கடிதத்தையும் இதனுடன் வைத்திருக்கிறேன்.

கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. ஆகவே சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, நான் ஏறிப் பெடலை உழக்க, டைனமோவில் றேடியோ பாடுகிறது. மெல்ல உழக்கினால், "சோறு தின்னேல்லையோ?" என்கிறார் இல்லத்து இராசநாயகம் மாஸ்ரர். வேகமாக உழக்கினால், "றேடியோவை எரிக்கப்போறாய்" என்கிறார். போன செவ்வாய் மரண அறிவித்தல் நேரம், "மயிலிட்டியைப் பிறப்பிடமாகக் கொண்ட சிவசுப்பிரமணியம்" என்றதும் செயின் கழன்று றேடியோ நின்றுவிட்டது. இங்கேயுள்ள மகாதேவி அம்மாவின் தம்பிக்கும் அதே ஊர், அதே பெயர். வேலிச் சண்டையில் இருபது வருசமாகக் கதை பேச்சில்லை. "ஐயோ என்ரை தம்பி" என்று விழுந்தவரைக் கரியரில் ஏற்றி, தம்பியார் இடம்பெயர்ந்திருக்கும் மானிப்பாய் வரைக்கும் உழக்கினேன். முதுகுக்குப் பின்னால் வழி முழுக்க ஒப்பாரி. எதிரே வந்த சனமெல்லாம் சைக்கிளை விட்டு இறங்கி நின்று என்னிடம் துக்கம் விசாரித்தது. போய்ப் பார்த்தால் மனிசன் முற்றத்தில் இருந்து புட்டுத் தின்கிறார். செத்தது வேறொரு சிவசுப்பிரமணியத்தின் மாமியாராம்.

"ஏனக்கா அழுறாய்?"

"நீ செத்துப்போனாய் எண்டு."

"ஆர் சொன்னது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இருபது வருசத்துக்குப் பிறகு அக்காவும் தம்பியும் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் என்னை ஏசினதுதான்.

எனக்கினி ஏலாது மாமா. அரியாலைச் சங்கக்கடையில சீனி நிறுக்க ஆள் தேடுகினமாம். சீனி என்னை ஏசாது.

மாமிக்கும் மச்சாள்மாருக்கும் என் அன்பு. நல்லூர்க் கந்தன் உங்களை இல்லத்திலும் என்னை இல்லத்துக்கு வெளியிலும் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
சீவரத்தினம்

பி.கு.: மூன்று நாளாக இதைத் தபாலில் போட முடியவில்லை. நான் போகப்போவதைக் கேள்விப்பட்டுத் தம்பியார் தினமும் மானிப்பாயிலிருந்து அக்காவைப் பார்க்க வந்து, எனக்குப் பதிலாக உழக்கவென்று சைக்கிளிலும் ஏறிவிடுகிறார். உழக்கத் தெரியாது. நேற்றுப் பதினாறு பேரும் அவரை ஏசினார்கள். என்னை ஏசுகிற அதே ஏச்சு. உண்மையைச் சொன்னால், எனக்குப் பொறாமையாக இருந்தது. "இறங்குங்கோ ஐயா" என்று நானே ஏறிவிட்டேன். "இப்பதான் றேடியோ ஒழுங்காக் கதைக்குது" என்றார் மகாதேவி அம்மா. உறைக்குள் இராஜினாமாவைத் தேட வேண்டாம். படிவத்தில் 'ஓம்' என்று எழுதியிருக்கிறேன். ஒரு வரி போதுமாக இருந்தது.