பூரணியின் பிஸ்கட் டின் மீதான விசாரணை

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் உலகத்தில் பலர் இருக்கலாம். அதைப் பற்றி வந்த முறைப்பாட்டைக் கதிரை போட்டு, தேநீர் கொடுத்து, மூன்று அமர்வுகளில் விசாரித்த பெருமை கந்தப்பளைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தையே சேரும். அந்த விசாரணைக் குழுவின் செயலாளர் நான். தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தரும் நானே. ஆயிரத்து இருநூறு பேருடைய நலன் என் மேசையின் இரண்டாவது லாச்சியில் பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

குற்றஞ்சாட்டப்பட்டது ஒரு பிஸ்கட் டின். அதைச் செய்தவள் பூரணி. தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்கிறாள், வயது இருபத்துமூன்று. வேலை முடிந்தால் கிட்டார் வாசிப்பாள். கிட்டார்காரர்கள் காலடியில் ஒரு சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு அவ்வப்போது மிதிப்பார்கள். மிதித்தால் கிட்டாரின் குரல் கரகரத்து, கோபம் வந்த ஆளைப் போலப் பேசும். அதற்கு ‘பெடல்’ என்று பெயர். கடையில் வாங்க வசதியில்லாததால், பழைய ரேடியோக்களைப் பிரித்து, ஃபோனில் வீடியோ பார்த்து, பிஸ்கட் டின்னுக்குள் தானே ஒன்றைச் செய்துவிட்டாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தவறு அங்கேதான் ஆரம்பித்தது.

ஹட்டனில் இசைக்குழு நடத்தும் ஜீவராஜ் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் சனசமூக மண்டபத்துக்கு வந்து அவள் வாசிப்பதைக் கேட்பதாக ஏற்பாடு. பிடித்தால் குழுவில் சேர்த்துக்கொள்வார். பிடிக்காவிட்டால் அவளுக்குக் காலமெல்லாம் தூள் சலிப்புத்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை அவள் தன் ஸ்பீக்கரை மண்டபத்துச் சுவர் ப்ளக்கில் மாட்டி ஒத்திகை பார்த்தாள். பெடலை மிதித்ததும் கிட்டாருக்கு முன்னால் ஓர் இரைச்சல் கிளம்பியது. பாரம் ஏற்றிய லொறி மலை ஏறுவது போன்ற சத்தம். பக்கத்துப் பிள்ளை மடுவத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் எழுந்து அழுதன. முறைப்பாடு வந்தது. உடைந்த பாலத்துக்கு மூன்று வருடமாகக் குழு அமைக்க முடியாத நாங்கள், இதற்கு ஒரே மணித்தியாலத்தில் அமைத்தோம். அடுத்த நாள் விடிந்ததும், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நானே அதை அறிவித்தேன்.

தலைவர் கண்டாக்கு ஜெயகாந்தன். கொழுந்து பறிப்பதை மேற்பார்வை செய்பவர். தொழில்நுட்ப ஆலோசகர் குகநேசன் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் பாடசாலையில் வர்த்தகம் படிப்பிக்கிறார். மின்சாரத்துக்கும் அவருக்கும் தொடர்பு இல்லைதான். ஆனால் தோட்டத்திலேயே தடித்த கண்ணாடி போட்டிருப்பவர் அவர் ஒருவர்தான்.

முதல் அமர்வு புதன்கிழமை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நடந்தது.

“மொதல்ல நிறுத்துப் பாக்கணும்” என்றார் கண்டாக்கு.

“எதுக்குங்க ஐயா? சத்தம்தானே பிரச்சினை?” என்றாள் பூரணி.

“இந்தத் தோட்டத்துல எது வந்தாலும் நிறுத்துட்டுத்தாம்மா மத்த பேச்சு. இருபத்தெட்டு வருசமா அப்படித்தான்.”

தராசில் தொங்கவிட்டோம். அறுநூறு கிராம் காட்டியது. கண்டாக்கு வழக்கம்போல ஈரத்துக்கும் சாக்குக்குமாக மூன்று கிலோவைக் கழித்தார்.

“ஐயா, இது தகரங்க. இதுல எங்கங்க ஈரம்?”

“மழை நாளும்மா. ஒனக்குக் கழிக்காம விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க.”

ஆகவே பெடலின் எடை இரண்டு கிலோ நானூறு கிராம் ‘குறைவு’ என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று. இவ்வளவு பற்றாக்குறையோடு ஒரு கருவி எப்படி ஒழுங்காக வேலை செய்யும் என்று குழு கவலை தெரிவித்தது. கூடையோடு வரிசையில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுத இடமில்லை.

இரண்டாவது அமர்வு வியாழக்கிழமை. மாஸ்டர் டின்னின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இஞ்ச பாருங்கோ, எவ்வளவு வயர்! உள்ளுக்குள்ள இவ்வளவு சிக்கல் இருந்தால் வெளியில சத்தம் வராமல் என்ன செய்யும்? பாதியைக் கழட்டிப் போட்டால் எல்லாம் சரியாகும்.”

“ஒன்னக் கழட்டினாலும் வேலை செய்யாதுங்க மாஸ்டர்!” பூரணி டின்னைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“வேலை செய்யாட்டில் சத்தமும் வராதுதானே, பிள்ளை?”

இந்தத் தர்க்கத்துக்குக் குழு எழுந்து நின்று பாராட்டுத் தெரிவித்தது. பூரணி மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. குறிப்பேட்டில் ‘ஒருமனதாக’ என்று எழுதினேன்.

இதற்கிடையில் அந்தப் பெண் குழுவுக்குத் தெரியாமல் தன் போக்கில் ஒரு விசாரணை நடத்தியிருக்கிறாள். பெடலின் பற்றரியை மாற்றிப் பார்த்தாள். ஈயம் வைத்த இடங்களையெல்லாம் மறுபடி சூடாக்கி ஒட்டினாள். கிட்டார் வயரை மாற்றினாள். இரைச்சல் அசையவில்லை. கடைசியில், பற்றரியிலும் ஓடக்கூடிய தன் சின்ன ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய், மாமா ஒருவரின் த்ரீவீல் ஆட்டோவின் பற்றரியில் மாட்டி வாசித்திருக்கிறாள். துளி இரைச்சல் இல்லை. அதே கிட்டார், அதே பெடல்.

“அப்ப பெட்டியில பிழை இல்லைங்க சார். மண்டபத்துலதான் ஏதோ இருக்கு” என்று சனிக்கிழமை காலையில் என்னிடம் வந்து சொன்னாள்.

“குழு இருக்கும்போது நீ எப்படியம்மா தனியாகக் கண்டுபிடிக்கலாம்?” என்று அன்பாகக் கண்டித்தேன். இருந்தாலும் மூன்றாவது அமர்வை மண்டபத்திலேயே கூட்டினேன். நான் அவ்வளவு திறந்த மனம் கொண்டவன்.

அவள் மெயின் சுவிட்சை அணைத்தாள். சுவரிலிருந்த ப்ளக்கின் திருகாணிகளைக் கழற்றி, மூடியை இழுத்தாள்.

“பாருங்க சார். வெளியில மூனு ஓட்டை இருக்கு. உள்ள ரெண்டு கம்பிதாங்க. எர்த் கம்பி இழுக்கவே இல்ல.”

எர்த் கம்பி என்பது, கசிகிற மின்சாரம் மனிதர்களின் உடம்புக்குள் போகாமல் நிலத்துக்குள் போவதற்கான வழி. அது இல்லாததால் எப்போதும் ஒரு மெல்லிய இரைச்சல் இருந்திருக்கிறது. பெடல் அதைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறது என்றாள். வாசலில் நின்ற அவளுடைய அம்மா நாகலெட்சுமி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அதானா, எங்க வீட்டு கரண்ட் கேத்தல்ல கை வச்சா சுர்ருங்குது? நான் குளிருன்னுல்ல நெனச்சேன்!”

“குளிரேதாம்மா” என்றார் கண்டாக்கு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மண்டபத்துக்கும், தொழிலாளர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் எட்டு லயங்களுக்கும் போன வருடம்தான் புதிதாக வயர் இழுத்து, நாடா வெட்டி, குத்துவிளக்கேற்றி, பால்சோறு கொடுத்துத் திறந்து வைத்தோம். ‘எல்லா இணைப்புகளும் முறைப்படி உள்ளன’ என்ற சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் அதே சுவரில் தொங்குகிறது. கீழே இருப்பது என் கையெழுத்து. ஒரு பக்கம் சட்டம், முத்திரை, கையெழுத்து. இன்னொரு பக்கம் வெறும் ஓட்டை. எந்த நியாயமான குழுவும் எதை நம்பும்?

“சேர்டிபிக்கற்றிலயே இருக்குது, பிறகென்ன?” என்றார் மாஸ்டர், வாசித்துப் பார்த்துவிட்டு.

பதிவு செய்யப்படாத பிஸ்கட் டின்னே குற்றவாளி என்று தீர்மானித்தோம். மறு அறிவித்தல் வரை அது மண்டபத்துக்குள் வரக் கூடாது. பூரணி ப்ளக்கின் மூடியைத் திரும்பப் பூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஜீவராஜ் வந்தார். மாலை போட்டோம். பெடல் இல்லாமல் பூரணி மேடையில் ஏறி, சுவர் ப்ளக்கில் ஓடிய ஸ்பீக்கரில் கிட்டாரை மாட்டினாள். “இரும்மா, சுருதி பாத்துத் தாறேன்” என்று அவர் கிட்டாரை வாங்கி, ஒரு கையால் தந்திகளைப் பிடித்தபடி, “ஹலோ” சொல்ல மைக்கருகே வாயைக் கொண்டுபோனார்.

உதடு மைக்கில் பட்டதும் இரண்டடி பின்னால் போய் விழுந்தார். மாலை ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம். ‘பிரதம விருந்தினர் மெய்சிலிர்த்தார்’ என்று குறித்துக்கொண்டேன்.

“யாருய்யா இந்த வயரிங் பண்ணது?” என்று உதட்டைப் பொத்திக்கொண்டு கத்தினார். “ஆள் சாகிறதுக்கா?”

“என் பெட்டி செவ்வாக்கெழமையே கத்திச்சுங்க” என்றாள் பூரணி. “அதைத்தான் வெளிய போட்டுட்டாங்க.”

“பெட்டியா? என்ன பெட்டி? கொண்டா பாப்போம்.”

எல்லோரும் வெளியே போனார்கள். த்ரீவீல் வந்தது. ஸ்பீக்கரை அதன் பற்றரியில் மாட்டி, பிஸ்கட் டின்னைத் தரையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தாள். லயத்துச் சனமெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. அவள் வாசித்ததைப் பற்றி எழுத எனக்குச் சங்கீதம் தெரியாது. ஒரு கட்டத்தில் நான் குறிப்பேட்டை மூடிவிட்டுக் கேட்டேன் என்பதையும், உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

“வார சனிக்கெழமை நமக்கு நல்லதண்ணி ஊர்ல நிகழ்ச்சி” என்றார் ஜீவராஜ். “பெட்டியோட வந்துரு. மேடையில எவன் கை வைக்கிறதுக்கு முந்தியும் ப்ளக்கெல்லாம் நீதான் பாக்கணும்.”

நாகலெட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். குழுவின் வழிகாட்டல் இல்லாமல் இந்த வெற்றி சாத்தியமாகியிருக்காது என்று நான் நன்றியுரையில் குறிப்பிட்டேன்.

புறப்படுவதற்கு முன் பூரணி என் பக்கத்தில் வந்தாள்.

“சார், எட்டு லயத்துக்கும் அதே ஆளுங்கதானே கம்பி இழுத்தாங்க? ஈரக் கையோட சின்னப் புள்ளைங்க ப்ளக்க நோண்டுதுங்க. எப்பங்க சரி பண்ணுவீங்க?”

“குழு அமைப்போம்” என்றேன்.

அவள் கிட்டாரைத் தோளில் மாட்டினாள். “நீங்களும் புள்ளகுட்டியோட இங்கதானே சார் இருக்கீங்க. ஒங்களுக்குப் பயமா இல்லைங்களா?”

என் குடும்பத்தின் மேல் அவளுக்கு இருந்த அக்கறை என்னை நெகிழ வைத்துவிட்டது. ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட்ட மறுநாளே நுவரெலியாவிலிருந்து வேறோர் ஆளை வரவழைத்து, என் குவார்ட்டஸ் வீட்டுக்கு மட்டும் எர்த் கம்பி இழுத்துக்கொண்டேன்.