பெல்ட் அண்ணையின் பிரதட்டை

மொன்றியல் நகரத்திலேயே பத்து மாதம் மல்லாந்து படுக்காமல் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் பெல்ட் அண்ணைதான். இது நடந்து இருபது வருடமாகிறது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் பெட்டி இறக்கும் வேலை எங்களுக்கு. கூட வேலை செய்த பெத்ரோ மெக்சிக்கோவில் முகமூடி போட்டு மல்யுத்தம் செய்தவன். ஒருநாள் பித்தளைத் தகடு பதித்த பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து சட்டமும் சொன்னான். சம்பியன் அதை எந்நேரமும் கட்டியிருக்க வேண்டும். எங்கே வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் யாரும் அவரை இரண்டு தோளும் நிலத்தில் பட அழுத்திப் பிடிக்கலாம். பெத்ரோ மூன்று எண்ணிவிட்டால் பெல்ட் கைமாறும்.

அண்ணை அதை வென்றது வீரத்தால் அல்ல. சோற்றுப் பெட்டியோடு ஈரத்தில் வழுக்கி அப்போதைய சம்பியன் மேல் விழுந்தார். எழும்புவதற்குள் பெத்ரோ எண்ணி முடித்துவிட்டான். அன்றிலிருந்து குப்புறப் படுத்தார். மெட்றோவில் நின்றபடி தூங்கினார். பல் வைத்தியரின் நாற்காலியில்கூடச் சாய மறுத்துவிட்டார்.

"விசரே அண்ணை உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"நான் வாழ்க்கையில வெண்டது இது ஒண்டுதானடா."

எனக்கோ அந்தப் பெல்ட் மேல் வெறி. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கோடையில் கோயில் தேர் வந்தது. மனைவியின் விசா ஆறு வருடமாக இழுபட்டதால் அண்ணை பிரதட்டைக்கு நேர்ந்திருந்தார். தேருக்குப் பின்னால் தார் வீதியில் ஒரு சுற்று முழுக்க உருள வேண்டும்; இரண்டு கையும் தலைக்கு மேலே தேங்காயைப் பிடித்திருக்கும். இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைக்குமா? பெத்ரோவுக்கும் ஒரு வேட்டியைக் கட்டிக் கூட்டிப் போனேன்.

வேட்டிக்கு மேலே பெல்ட் மின்ன அண்ணை உருண்டார். மல்லாந்த ஒவ்வொரு முறையும் என் கை அவர் நெஞ்சுக்குப் போகும். பெத்ரோ தன் பாஷையில் "ஊனோ" என்று ஒன்று எண்ணத் தொடங்குவதற்குள் புரண்டுவிடுவார். மூன்று மூலையும் தாண்டியாயிற்று. இன்னும் பத்தடிதான். மல்லாந்தவர் அப்படியே கிடந்தார். தலைசுற்று. தேங்காயை மட்டும் விடவில்லை. நான் பாய்ந்து அழுத்தினேன்.

"ஊனோ... தோஸ்..."

"பெல்ட்டை எடடா தம்பி," என்றார் அண்ணை, கண் திறக்காமலே. "ஆனா என்னை உருட்டிவிடு. அவள் வந்து சேரவேணும்."

பெத்ரோ மூன்று சொல்ல வாய் திறந்தான். அழுத்திய கையாலேயே நான் அண்ணையைப் புரட்டினேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து மறுபக்கம் பிடித்தான்.

களைத்தவரைச் சொந்தக்காரர்தான் உருட்டிவிடுவது வழக்கம். அந்த ஊரில் அண்ணைக்கு எங்களை விட்டால் யாருமில்லை; எனக்கும் அவரை விட்டால் யாருமில்லை.