மடிக்கு அடங்காத லேப்டாப்

"அந்தோணியாரைக் கொஞ்சம் அங்கிட்டு நகர்த்துங்க அத்தை" என்றாள் ரீட்டா. அவள் இரண்டு கையிலும் லேப்டாப் பெட்டி.

"எங்கிட்டு நகர்த்த? அந்தப் பக்கம் மாதா, இந்தப் பக்கம் ரெக்க விரிச்ச சம்மனசு. அந்தோணியாரு என்ன, எறங்கி வாசல்லயா நிப்பாரு?" என்றார் மாமியார் ஜெபமாலையம்மாள்.

ஒரு பெட்டியை வைக்க அந்தக் கீரனூர் வீட்டில் வேறு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் மாமியார் வைத்த சட்டம் அப்படி. புதுச் சாமான் எது வந்தாலும் நேராகப் புனிதர்களின் சுரூபம் வைத்திருக்கிற பீடத்தில் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எடுத்துப்போய், பங்குச் சாமியார் மந்திரித்த பிறகுதான் பிரிக்கலாம். மிக்சியும் அப்படித்தான் பிரிந்தது. மகன் சந்தனராஜ் வாங்கிய ஹெல்மெட்கூட மூன்று நாள் மாதாவின் காலடியில் கிடந்துவிட்டுத்தான் அவன் தலைக்கு வந்தது.

"பெட்டி ரொம்பப் பெருசுத்தா. இத வச்சா அந்தோணியாருக்கு ஒரு கால் வெளியில நிக்கிது பாரு."

ரீட்டா பார்த்தாள். உண்மைதான். புனிதர் பஸ் படிக்கட்டில் தொங்குகிறவர் மாதிரி நின்றார்.

பெரியது வேண்டும் என்று ரீட்டா கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு லேப்டாப், அவ்வளவுதான். திருச்சியில் அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. வருகிற திங்கட்கிழமை சொந்த லேப்டாப்போடு வருகிறவர்களுக்குத்தான் பத்தாம் வகுப்பு. மற்றவர்கள் ஆறாம் வகுப்புக்கு இறங்க வேண்டியது. ரீட்டா பதினோரு வருஷமாகப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். கரும்பலகையில் அவள் வரைகிற இதயம் துடிக்கிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள். அவளைப் போய் வேர், தண்டு, இலை என்று சொல்லிக்கொடு என்றால் மனசு கேட்குமா?

அதனால் புதன்கிழமை சாயந்திரம் புருஷனும் பெண்டாட்டியும் கடைவீதிக்குப் போனார்கள். கண்ணாடிக்குள் இரண்டு லேப்டாப் திறந்து வைத்திருந்தது. ஒன்று சின்னது, இன்னொன்று பெரியது. விலை ஒன்றுதான்.

"சின்னது பஸ்ஸுக்கு வசதி, பெருசு கண்ணுக்கு வசதி" என்றாள் கடையில் வேலை பார்க்கும் அழகி என்ற பெண்.

ரீட்டா யோசிப்பதற்குள் சந்தனராஜ் முந்திக்கொண்டான். அவன் மின்வாரியத்தில் லைன்மேன். "ஒரே வெலைக்கு எவனாச்சும் சின்னத வாங்குவானா? பெருச எடும்மா!"

அழகி உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தாள். காக்கித்தாள் சுற்றி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, டேப்பின் மேல் கடை முத்திரையும் குத்தியிருந்தது. கடைக்காரர் சரவணக்குமார் சொன்னார்: "முத்திர கிழியாம இருந்தா ஒரு வாரத்துல மாத்திக்கலாம் டீச்சர். கிழிஞ்சா நீங்களாச்சு, அதாச்சு."

அந்த ஒரு வார்த்தைதான் வினை. மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் அந்த மனுஷன் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

*

மறுநாள் காலையில் ரீட்டாவுக்கு ஒரு யோசனை வந்தது. தினம் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்று பிரிக்காமலே பார்த்துவிட்டால் என்ன? பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு திருச்சி பஸ்ஸில் ஏறினாள். மூன்று பேர் உட்காருகிற சீட்டில் நடு இடம் கிடைத்தது. பெட்டியை எடுத்து மடியில் வைத்தாள்.

"என்ன டீச்சர், டிவியா?" என்றார் கண்டக்டர்.

"லேப்டாப்புங்க."

"மடியில வைக்கிறதுக்கா இது? மடிய நீங்க வாடகைக்குல்ல எடுக்கணும்!"

பஸ்ஸே சிரித்தது. ஜன்னலோரம் இருந்த சிவரஞ்சனி சிரிக்கவில்லை. அவள் திருச்சியில் வங்கியில் வேலை பார்க்கிறவள், தினம் கூடவே வருகிற சிநேகிதி. "அக்கா, முட்டு இடிக்குது. இத வச்சுக்கிட்டு வருஷம் பூராம் நீங்க எப்புடிப் போவீங்க? எனக்கே இடுப்பு கழண்டுரும்போல இருக்கு."

இறங்கும்போது ரீட்டாவின் தொடை இரண்டும் மரத்துப்போய், தோள்பட்டை தனியாக வலித்தது. அன்று சாயந்திரமே கடைக்குப் போனாள்.

"பெருசு சரிப்படலம்மா. சின்னது குடு."

அழகி பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் அங்கே சாமான்களை உருட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் ஒரு பெட்டி. துணியால் ஒரு துடை துடைத்துக் கொடுத்தாள்.

ரீட்டா வாங்கிப் பார்த்தாள். அப்பாடா! பூப்போல இருந்தது.

வீட்டுக்கு வந்து பீடத்தில் வைத்ததும் ஜெபமாலையம்மாளுக்கு முகம் மலர்ந்தது. "இப்பப் பாரு! அந்தோணியாரு எம்புட்டு வசதியா நிக்கிறாரு! பக்கத்துல ஒரு மெழுகுதிரி வைக்கக்கூட எடம் இருக்கு."

சந்தனராஜ் வேலை முடிந்து வந்து, பெட்டியைத் தூக்கி ஒரு குலுக்கு குலுக்கினான். "என்னடி இது, அப்பளக்கட்டாட்டம் இருக்கு? உள்ள சரக்கு இருக்கா, இல்லையா?"

"குலுக்காதீங்க!"

"ஒரே வெலையக் குடுத்துட்டு அப்பளக்கட்டத் தூக்கிட்டு வந்துருக்கா பாரு. ஜெரால்டக் கேளு!"

ஜெரால்டு சந்தனராஜின் தம்பி, குவைத்தில் இருக்கிறான். அங்கே அவன் ஏசி மெக்கானிக். ஆனாலும் பிளக் வைத்த சாமான் எதுவாக இருந்தாலும் அந்தக் குடும்பத்தில் அவன் சொல்வதுதான் தீர்ப்பு. வீடியோ காலில் பெட்டியைக் காட்டினார்கள்.

"மதினி, என்ன மதினி இது? பெட்டியப் பாத்தாலே தெரியுதே. இதுல எழுத்தெல்லாம் கடுகு கணக்காத் தெரியும். ஒங்களுக்கு ஏற்கெனவே கண்ணாடி. ஆறே மாசத்துல பவரு ஏறிரும்!"

"நெசமாவா தம்பி?"

"எங்க சூப்பர்வைசர் இப்புடித்தான் சின்னது வாங்குனாரு. இப்பக் கண்ணு ஆப்பரேசனுக்கு ஊருக்குப் போயிருக்காரு."

அதற்குப் பிறகு ரீட்டாவுக்குச் சோறு இறங்குமா? வெள்ளிக்கிழமை அதையும் பஸ்ஸில் கொண்டுபோனாள். சிவரஞ்சனி, "அக்கா, மடியில பொருள் இருக்கிறதே தெரியலக்கா. எனக்கும் நல்லாக் காத்து வருது" என்றாள். ஆனால் ரீட்டா ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகைகளை ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் படித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு பலகையில் கடைசி வரி தெரியவில்லை. அந்தக் கடைசி வரியைத்தான் பெயிண்டர் இன்னும் எழுதவில்லை என்பது வேறு விஷயம்.

சாயந்திரம் கடை.

"சின்னது வேண்டாம்மா. அந்தப் பெருசையே குடுத்துரு."

அழகி அவளை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போனாள். இந்தத் தடவை ஏணி இழுக்கிற சத்தம்கூடக் கேட்டது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை நீட்டினாள். ரீட்டா வாங்கியதும் கை கீழே இறங்கியது. "நேத்து இதத் தூக்கிட்டா அலைஞ்சேன்!" என்று தன்னைத்தானே நொந்துகொண்டாள்.

"இப்பத்தான் லேப்டாப்பு மாதிரி இருக்கு" என்று சந்தனராஜ் பெட்டியைக் கையில் எடை போட்டான். "கெத்தா இருக்குல்ல?" என்று சொல்லிக்கொண்டே, தானே பீடத்தில் வைக்கப் போனான். வைத்தான். தள்ளினான். இன்னும் கொஞ்சம் தள்ளினான்.

அந்தோணியார் விழுந்தார்.

தலை தப்பியது. வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. சந்தனராஜ் பதறிப்போய், தொழில் பழக்கத்தில் தன் பையிலிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்துச் சுற்றி, கையை ஒட்டி நிறுத்திவிட்டான். புனிதரைப் பார்த்தால் டிரான்ஸ்பார்மரில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் மாதிரி இருந்தது.

ஜெபமாலையம்மாள் உண்ணாவிரதத்தில் இறங்கினார். அதுதான் எல்லோருக்கும் பயம். அவர் கத்தினால் பரவாயில்லை. ஒரு டம்ளர் காப்பியைக்கூடத் தொடாமல், ஜெபமாலையைக் கையில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அத்தை, ஒரு வாய் சாப்பிடுங்க."

"அந்தப் பெரும்பெட்டி இந்த வீட்ட விட்டுப் போவட்டும். அப்பறம் பாப்போம்."

"பெட்டி என்னம்மா செஞ்சது? நாந்தான தள்ளுனேன்" என்றான் சந்தனராஜ்.

"நேத்து சின்னப் பெட்டி இருந்துச்சுல்ல? அது யாரயாச்சும் தள்ளுச்சா?"

ரீட்டா குவைத்துக்கே போன் போட்டாள். இப்போது ஜெரால்டு வேறு மாதிரி பேசினான். "பெருசுன்னா பேட்டரி நிக்காதே மதினி. அதயும் யோசிச்சுக்கங்க."

"நீதானய்யா பெருசு எடுக்கச் சொன்ன?"

"நான் கண்ணுக்குச் சொன்னேன் மதினி. பேட்டரிக்குச் சொல்லலயே."

ரீட்டாவுக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை. அறிவியல் டீச்சர் வீட்டில் ஒரு பெட்டியைக் கண் ஒரு பக்கம் இழுக்கிறது, முட்டு ஒரு பக்கம் இழுக்கிறது, புனிதர் ஒரு பக்கம் இழுக்கிறார். இடையில் பத்தாம் வகுப்பு இரண்டே நாள் தூரத்தில் நிற்கிறது.

சனிக்கிழமை கடை திறக்கும் முன்னாலேயே போய் வாசலில் நின்றாள். ஷட்டரைத் தூக்கிய சரவணக்குமார் அவளைக் கண்டதும் பாதியிலேயே நிறுத்தினார். திரும்ப இறக்கிவிடலாமா என்று யோசிப்பவர் மாதிரி இருந்தது.

"டீச்சர்... பெருசா, சின்னதா?"

"சின்னதுங்க. சத்தியமாக் கடைசி."

"மாதா மேல ஆணையா?"

"அந்தோணியார் மேல. அவருக்குத்தாங்க கை போயிருச்சு."

அவர் அழகியைப் பார்த்தார். அழகி தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய், பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். இந்தத் தடவை துணியால்கூடத் துடைக்கவில்லை. பாவம், களைத்துப் போயிருப்பாள் என்று ரீட்டா நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெபமாலையம்மாள் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஜாண் போட்டு அளந்தார். "ம்ம். இதான் அடக்கமான பெட்டி" என்று சொல்லி, இரண்டு டம்ளர் காப்பி குடித்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் சாமியார் முன்னால் பெட்டி வந்தது. ஊருக்கே விஷயம் தெரிந்திருந்தது.

"இது பெருசா டீச்சர், சின்னதா?"

"சின்னதுங்க சாமி."

"நல்லது. ஆண்டவருக்குத் தாழ்ச்சிதான் பிடிக்கும்" என்று சிரித்துவிட்டுத் தீர்த்தம் தெளித்தார். அடைமழை பெய்தாலும் உள்ளே இறங்காதபடி ரீட்டா அதன்மேல் இரண்டு பாலிதீன் கவர் போட்டிருந்தாள்.

வீட்டில் முத்திரை கிழிந்தது. லேப்டாப் வெளியே வந்தது. பளபளவென்று, வெள்ளி நிறத்தில் அப்படி ஓர் அழகு! ரீட்டா மடியில் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. எழுத்து ஒவ்வொன்றும் முத்து முத்தாகத் தெரிந்தது.

"சின்னதுன்னாலும் கண்ணுக்கு எவ்வளவு தெளிவு பாருங்க" என்றாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றான் சந்தனராஜ்.

"என்ன சொன்னீங்க?"

"ஒனக்கு எது வசதியோ அத எடுன்னு!"

ரீட்டா அவனை முறைத்தாள். வீடியோ காலில் ஜெரால்டு தலையை ஆட்டினான். "மதினி, இதான் சைஸு. அந்தப் பெருச எடுத்திருந்தீங்க, தொலைஞ்சிருப்பீங்க."

ரீட்டா படம் எடுத்துத் தலைமையாசிரியைக்கு அனுப்பினாள். ஐந்தாவது நிமிஷம் பதில் வந்தது: பத்தாம் வகுப்பு அறிவியல், ரீட்டா டீச்சர். அதைப் படித்ததும் நாலு நாள் அலைச்சலும் தோளிலிருந்து இறங்கிவிட்டது. மாமியாரைக் கட்டிக்கொண்டாள். ஜெபமாலையம்மாளும், "எல்லாம் ஒழுங்கான பெட்டிய எடுத்ததாலதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் புதுக்கோட்டையிலிருந்து பஸ் வந்து நின்றது. ரீட்டா முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டாள். மடியில் லேப்டாப் பை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் அழகியும் இருந்தாள். நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிறவள். ரீட்டாவைக் கண்டதும் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"டீச்சர், பெட்டியப் பிரிச்சாச்சா?"

"பிரிச்சாச்சும்மா."

"முத்திர கிழிஞ்சிருச்சா?"

"கிழிஞ்சிருச்சு."

"நெசமா? இனி மாத்த வரமாட்டீங்கல்ல?"

"வரவே மாட்டேன். சின்னதுதாம்மா சரி. அந்தப் பெருசுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! ஒன்னையத்தான் ரொம்ப அலைய வச்சுட்டேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. அழகி நெஞ்சில் கைவைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு பஸ்ஸோடு நாலு எட்டு ஓடிவந்து சத்தமாகச் சொன்னாள்:

"எங்ககிட்ட ஸ்டாக்கு இருந்ததே ஒண்ணுதான் டீச்சர்! நாலு தடவையும் அதே பெட்டியத்தான் குடுத்தேன்!"