சமவாய்ப்புக் குழுவும் ஒரு மீசையும்

பாசத்துக்குரிய தங்கைக்கு,

மனப்பகுப்பாய்வுப் பயிற்சிக் கழகத்தின் அலுவலகத்தையே ஒற்றை ஆளாகத் தாங்கி நிற்கும் உன் அண்ணன் எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமென்றே வைத்துக்கொள்கிறேன். இனி நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய், மாப்பிள்ளை நம்பமாட்டார், இதைக் கொண்டுவரும் தபால்காரர்கூட நம்பமாட்டார். இருந்தாலும் அத்தனையும் சத்தியம்.

எங்களிடம் படிக்க வருகிறவர்கள் முதலில் தாங்களே சோபாவில் படுத்து மனதிலிருப்பதைக் கொட்ட வேண்டும். ஆசிரியர் தலைமாட்டுக்குப் பின்னால், கண்ணில் படாமல் உட்கார்ந்து, எப்போதாவது ஒரு வார்த்தையை உதிர்ப்பார். இங்கே படிக்க வந்த உன் மகளோ காது கேட்காதவள், உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கிறவள். யார் என்ன செய்தாலும் தகப்பனில் கொண்டுபோய் முடிச்சுப் போடுவது இவர்கள் சாஸ்திரம். அவள் திரும்பிப் பார்த்தாள். 'தகப்பன்மேல் அவநம்பிக்கை' என்று ஆசிரியர் குறித்துக்கொண்டார். எழுந்து உட்கார்ந்தாள். 'தகப்பனை எதிர்க்கிறாள்.' "சார், நீங்க பேசுறது எனக்குத் தெரியல, முன்னாடி வந்து உக்காருங்க" என்றாள். 'தகப்பனையே இடம் மாற்றத் துணிந்துவிட்டாள்!' டிவி ரிமோட்டைத் தொடக்கூட உன்னிடம் அனுமதி கேட்கிற நம் மாப்பிள்ளை, இங்கே ஊரை விழுங்கும் ராட்சசனாகிவிட்டார். இப்படியே போனால் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

விடுவாளா? சமவாய்ப்புக் குழுவிடம் முறையிட்டாள். 'இங்கே எல்லோருக்கும் இடமுண்டு' என்று அட்டையில் இவள் படத்தையே போட்டு விளம்பரம் அடித்த மகான்கள்தான் அந்தக் குழு. கூடினார்கள். நம் வீட்டில் கூடினால் ஒரே நேரத்தில் ஒன்பது பேர் பேசுவோம். இவர்களோ தொழில் பழக்கம், அடுத்தவர் முதலில் வாய் திறக்கட்டும் என்று காத்திருப்பார்கள். காத்திருந்தார்கள். ஜன்னலில் சிலந்தி வலை கட்டி, குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்துவிட்டது. சோபாவில் படுக்கிறவர்களுக்குக் கொடுக்கும் கணக்குப்படியே, சரியாக ஐம்பதாவது நிமிஷம் தலைவியம்மா "இன்னிக்கு நேரம் முடிஞ்சுது" என்றார். எல்லோரும் ஆழமான விவாதம் என்று மெச்சிக்கொண்டு கலைந்தார்கள். அடுத்த கூட்டத்தில், குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "யாராவது வாயத் தொறங்கம்மா, புள்ள வெளிய நிக்குது" என்றேன். தலைவியம்மா கனிவோடு திரும்பி, "உங்களுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? சின்ன வயசுல உங்கள யாராவது வெளிய நிறுத்தினாங்களா?" என்றார். தங்கச்சி, அதற்குமேல் கூட்டம் முழுக்க என்னைப் பற்றித்தான்!

கடைசியில் போனால் போகிறதென்று ஆசிரியர் முன்னால் உட்காரலாம் என்றார்கள். ஆனால் அவர் மீசை இருக்கிறதே, அது மீசையா, வாசலில் தொங்கும் கம்பளி! உதடு என்று ஒன்று அவருக்கு இருப்பதையே அவர் சம்சாரம் கேள்விப்பட்டுத்தான் தெரிந்துகொண்டாராம். "கொஞ்சம் கத்தரிச்சா என்ன சார்?" என்றாள் உன் மகள். அவர் கண்கலங்கி, "இது என் அடையாளம். அப்ப எனக்கு இங்க எடம் இல்லையா?" என்றார். குழு உருகிப்போனது. உன் மகளை விட்டுவிட்டு, மீசையைக் காக்க அங்கேயே ஒரு துணைக்குழு போட்டார்கள்.

அப்போதுதான் உன் மகள் விறுவிறுவென்று பக்கத்து அறைக்குப் போய், சோபாவுக்குப் பின்னாலிருந்த அந்தக் கனமான நாற்காலியைத் தரதரவென்று இழுத்து முன்னால் போட்டாள். பின்னாலேயே ஓடிவந்த ஆசிரியரிடம், "இங்க உக்காந்து, என் முகத்தப் பாத்துப் பேசுங்க. அது முடியலன்னா, பயிற்சி தேவைப்படுறது எனக்கில்ல சார்" என்றாள். உடனே ஆசிரியர் ஓவென்று அழுதார். மீசை நனைந்து மூன்று வாளி தண்ணீர் பிழிந்தோம். நாவிதர் வந்தார். மழித்ததில் இரண்டு மெத்தை தைக்கலாம். குழுவே எழுந்து நின்று கைதட்டி, அவளைத் தலைவியாக்கிவிட்டது!

ஆகவே நீ நிம்மதியாகத் தூங்கு. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். எல்லா நலமும் வந்து உங்கள் வீட்டில் நெரிசல் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் புளுகு. மீசை சாதாரண மீசை, இன்னும் அப்படியே இருக்கிறது. 'பக்குவம் போதாது' என்று அவளைப் பயிற்சியிலிருந்து ஒரு வருஷம் தள்ளிவைத்துவிட்டார்கள். தெரிந்தால் அவளை மூட்டை கட்டிக்கொண்டு வா என்பாய், அதனால்தான் அளந்தேன்; கடைசிவரை மறைக்கவும் மனசு வரவில்லை. நீ கூப்பிட்டாலும் அவள் வரமாட்டாளாம், மறுபடி விண்ணப்பம் போட்டுவிட்டாள். ஆனால் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டாளே, அது மட்டும் நிஜம். அதைப் பழைய இடத்தில் வைக்கும்படி ஆசிரியர் தினமும் என்னிடம் சொல்கிறார். எனக்கு முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன்.