ஒலித்தடுப்பு: நன்று

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் பிரதீஷ் தன் மனைவியிடம் ஒரு வாக்குவாதத்தில்கூட ஜெயித்ததில்லை. கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது, பருப்பில் உப்புக் கூடவா குறைவா, இன்றைக்கு மழை வருமா வராதா, எல்லாவற்றிலும் தோல்விதான். மழை விஷயத்தில் வானமே கிருஷாந்தியின் கட்சி. அதனால் ஒக்டோபர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், பல் விளக்கிக்கொண்டே அவன் ஒரு பெரிய முடிவுக்கு வந்தான். இனிமேல் அவளிடம் வாயால் பேசுவதில்லை. இலக்கத்தால் பேசுவது.

இலக்கம் அவனிடம் தாராளமாக இருந்தது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், அவன் பிறந்த லயத்து வரிசை வீடுகளில், முதலில் பட்டம் வாங்கியவன் அவன்தான். பதுளை நகரத்துக்குப் புதிய திட்டம் போடுகிறவர்களுக்காக ஒரு பல்கலைக்கழகக் குழு நகரத்தின் இரைச்சலை அளந்துகொண்டிருந்தது. எந்தச் சந்தியில் எவ்வளவு சத்தம், எந்த லொறி போனால் எந்தச் சுவர் அதிர்கிறது என்று பார்த்து எழுதும் ஒப்பந்த உத்தியோகம் அவனுக்கு. லயத்தில் அவன் அம்மா இதை விளங்கப்படுத்திக் களைத்துப்போனாள். "சத்தத்தை அளக்கிறானா? கொழுந்து நிறுக்கிற மாதிரியா?" என்று கேட்டார்கள். "ஆமா, ஆனா கூடை இல்ல" என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

அவர்கள் குடியிருந்தது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சிதம்பரநாதன் முதலாளியின் இரும்புக் கடைக்கு மேல்மாடியில். விடியற்காலை நாலரைக்கு முதல் பஸ் உறுமும். பிறகு "பண்டாரவளை, பண்டாரவளை, பண்டாரவளை!" "மொனராகலை! ஏறு, ஏறு!" ஆறு மணிக்கு ரொட்டி விற்கும் பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். ஒன்பது மணிக்குக் கீழே இரும்புக் கம்பி இறக்குவார்கள். பெரிய பஸ் திரும்பினால் குசினித் தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று கதை பேசும். அந்த வீட்டுக்குத்தான் ஜனவரியில் ஒரு பிள்ளை வரப்போகிறது. கிருஷாந்திக்கு ஏழாம் மாதம். இரைச்சலும் நித்திரையும் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகளை வாசித்து வாசித்து, நித்திரை கெட்டவன் பிரதீஷ்தான்.

ஆகவே ஊருக்கு வெளியே, மலைச்சரிவில், துணிக்கடை ஸலீம் பாயின் சின்ன வீடொன்றை அவன் தேடிப் பிடித்திருந்தான். அவளைக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்கே சத்தம் அளக்கும் மீட்டரை நீட்டிப் பார்த்தான். முப்பத்தெட்டு டெசிபல்! கோயில் கர்ப்பக்கிரகத்தில்கூட அவ்வளவு அமைதி இருக்காது. அந்த இடத்திலேயே தள விபரப் படிவத்தை நிரப்பினான். முன்புறம்: தோட்டப் பாதை. இடப்புறம்: சிறு ஓடை. பின்புறம்: மலையை வெட்டிய மண் சுவர், ஏறக்குறைய பன்னிரண்டு அடி. ஒலித்தடுப்பு: நன்று.

கிருஷாந்தி குசினியின் பின் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். திரும்பி வந்து, "வேணாங்க" என்றாள்.

"ஏன்?"

"குசினி இருட்டு."

"பல்ப் போடலாம்."

"கடை தூரம்."

"நான் வாங்கிட்டு வர்றேன்."

"நீங்க வாங்கிட்டு வந்த மரக்கறியைத்தான் போன வாரம் பாத்தோமே."

அதோடு அந்தச் சுற்றும் தோல்வி. மூன்று வாரம் யோசித்த பிறகுதான் இலக்கத்தால் பேசும் முடிவு பிறந்தது.

திங்கட்கிழமையே மேல்மாடி ஜன்னலில் மீட்டர் ஏறியது.

"ஏங்க, அந்தக் கறுப்புப் பந்து என்னாங்க?"

"காத்து படாம இருக்க ஸ்பொஞ்."

"நம்ம ஜன்னல்ல எதுக்கு?"

"ஆராய்ச்சிக்கு."

"யார ஆராயிறீங்க?"

"சத்தத்த."

"அப்ப நான் சத்தம் போடுறேன்னு சொல்லுறீங்க."

"ஐயோ, பஸ்ஸ சொன்னேன்! உனக்கு இந்த இரைச்சல் கேக்கவே இல்லையா?"

"கேக்குதுங்க. கேக்குறதாலதான் தூங்குறேன்."

அவள் நையாண்டி செய்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவளிடம் தோற்றுத் தோற்று, அவள் பேசுவதெல்லாம் நையாண்டி என்று காது பழகியிருந்தது.

குழுவின் தலைவி யோகமலர் மேடம், யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு விதியில் மட்டும் அவர் அசையமாட்டார். "இலக்கத்தை மட்டும் கொண்டு வந்தால் நான் ஏற்கமாட்டன் தம்பி. அந்தச் சத்தம் எங்கயிருந்து வந்ததெண்டு ஆள் இருந்து எழுத வேணும்." அதற்கென்று ஒரு தாள் இருந்தது. நேரம், அளவு, எதன் சத்தம், குறிப்பு. பகலெல்லாம் பிரதீஷ் வேறு சந்திகளில் நின்றான். வீட்டில் இருந்தது ஃபார்மசி வேலைக்கு லீவு போட்டிருந்த கிருஷாந்தி மட்டும். தாளையும் பேனாவையும் அவளிடம் கொடுத்தான். எதிரியின் கையில் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு யுத்தத்துக்குக் கிளம்பிய முதல் தளபதி அவனாகத்தான் இருப்பான்.

அவள் நன்றாகவே எழுதினாள். "6.02 – 74 – பாண் ஆட்டோ – பாட்டு பாதியில் நிண்டது. 9.10 – 88 – கம்பி இறக்கினாங்க – முதலாளி ஏசினார். 1.15 – 79 – நான்தான். தட்டை வைத்தேன் – நீங்கள் சாப்பிட வருவதாகச் சொல்லி வரல்ல." சிதம்பரநாதன் முதலாளியும் சும்மா இருக்கவில்லை. ஜன்னலில் தொங்குவது மைக் என்று யாரோ சொல்லிவிட, தினமும் கடை திறக்கும்போது அண்ணாந்து பார்த்து, "சீமெந்து, கம்பி, தகரம், எல்லாம் நியாய விலை!" என்று அறிவித்தார். அதுவும் தாளில் ஏறியது. எண்பத்தொன்று.

ஒரே ஒரு குறைதான். இரவு பத்து மணிக்கும் விடியல் நாலரைக்கும் நடுவே ஏழு நாளும் வெள்ளைத் தாள். நடுவில் ஒரே வரி: "தூங்கிட்டேன்."

"இங்க பாரு, பன்னிரண்டரைக்கு எழுபத்தாறு போயிருக்கு. லொறி போயிருக்கும். நீ எழும்பவே இல்லையா?"

"இல்லீங்க."

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா ஹோர்ன் அடிச்சிருக்கானே!"

"அடிக்கிறான்ல. அப்ப ஊர் முழிச்சிருக்குன்னு அர்த்தம். நான் எதுக்கு முழிச்சிருக்கணும்?"

அவன் விரிவுரையைத் தொடங்கினான். ஏழு நாளின் சராசரி எழுபத்தொன்று. இரவுச் சத்தத்துக்குப் பத்துக் கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டும். உலகத்தில் எந்த நிபுணரும் இந்த ஜன்னலோரம் பிள்ளையைப் படுக்க வைக்கச் சொல்லமாட்டார். அவள் தேங்காயைத் துருவி முடிக்கும்வரை எல்லாவற்றையும் கேட்டாள்.

"சரிதாங்க. ஆனா ஒரு வீட்ட மட்டும் அளந்துட்டு இது கெட்டதுன்னு எப்புடி சொல்லுவீங்க? இன்னொரு வீட்டோட வச்சுப் பாக்க வேணாமா? மேடம் கேப்பாங்களே."

பிரதீஷுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. அவளே வலையில் கால் வைக்கிறாள்!

"ஸலீம் பாய் வீட்டச் சொல்லுறியா?"

"ஆமாங்க. சனிக்கெழம ஒரு நாளைக்கு சாவி கேட்டு வச்சிருக்கேன். அங்கயும் நானே எழுதுறேன். எழுதுற ஆளு மாறக் கூடாதுல்ல?"

எழுதும் ஆள் மாறக் கூடாது. அது அவனே அவளுக்குச் சொல்லிக் கொடுத்த விதி. அவள் எப்போது போய்ச் சாவி கேட்டாள் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. வெற்றியின் வாசனையே வராத மூக்கு, வந்தவுடன் மயங்கிப்போயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் படுக்கிற பாயும் மீட்டரும் சோற்றுப் பார்சலுமாகப் போய் இறங்கினார்கள். மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஆறு மணிக்கு விட்டது. அதற்குப் பிறகு முப்பத்தைந்து, முப்பத்துநான்கு. "பாத்தியா? பாத்தியா?" என்று ஒவ்வொரு இலக்கத்தையும் வாசித்துக் காட்டினான். "பாக்குறேங்க" என்று அவளும் எழுதிக்கொண்டாள். பத்து மணிக்குப் பாயில் விழுந்தவன், இரண்டு வருஷத்தில் தூங்காத தூக்கத்தைத் தூங்கினான்.

விடிந்து எழுந்தபோது காலில் ஏதோ தட்டி உருண்டது. நடுத் தரையில் ஒரு டம்ளர். தண்ணீர் பாயெல்லாம் ஓடியது. கிருஷாந்தி வாசல் நிலையில் சாய்ந்து, செருப்பைப் போட்டபடி, தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தூங்கலையா புள்ள?"

"எழுதணும்ல. ஆள் இருந்துதான் எழுதணும்னு மேடம் சொன்னாங்கல்ல."

"அங்க ஏழு நாளும் தூங்கினியே!"

"அங்க தூங்கலாங்க."

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினார்கள். கொண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு கத்தினான். ஹோர்ன் வளைவுக்கு வளைவு அலறியது. பின் சீட்டில் கம்பி ஒன்று கழன்று கடகடவென்று ஆடியது. குறைந்தது எண்பத்தைந்து இருக்கும். இரண்டாவது வளைவு தாண்டுவதற்குள் கிருஷாந்தி அவன் தோளில் விழுந்து, வாயைத் திறந்து, பச்சைப்பிள்ளை மாதிரித் தூங்கிவிட்டாள். தன் வெற்றியின் விபரங்களைப் பார்க்கலாமென்று அவன் தாளை விரித்தான்.

10.40 – 52 – கணவர் – குறட்டை.

11.15 – 54 – கணவர் – திருப்பிப் படுக்க வைத்தேன். பயனில்லை. அரை மணியில் தானே நிண்டது.

12.05 – 36 – பின்பக்கம் சின்னக் கல் விழுந்தது – எழும்பிப் பார்த்தேன்.

12.20 – 34 – ஒன்றும் இல்லை – இருந்தாலும் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

1.10 – 34 – ஓடைச் சத்தம் குறைந்த மாதிரி – வெளியே போய்ப் பார்த்தேன். ஓடுது.

1.50 – 34 – தரையில் டம்ளர் வைத்தேன் – தண்ணீர் ஆடல்ல.

2.30 – 34 – ஆடல்ல.

3.10 – 34 – ஆடல்ல.

3.40 – 33 – ஒன்றுமே கேக்கல்ல – அன்னைக்கும் இப்படித்தான் இருந்திச்சு.

பஸ் குலுங்கியது. பிரதீஷ் கடைசி வரியில் விரலை வைத்தபடி இருந்தான்.

மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிய வருஷம் கிருஷாந்திக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடப் பையோடு பாதையில் நடந்துகொண்டிருந்தாள். அம்மாவும் தம்பியும் லயத்தில் இருந்தார்கள். இதைப் பெண் பார்க்கப் போன அன்று அவளே ஒரே மூச்சில் சொன்னாள். "எனக்கு அம்மா, தம்பி இல்ல. மண்ணுல போயிட்டாங்க. வேற ஒண்ணும் கேக்காதீங்க." அவன் கேட்கவில்லை. இரண்டு வருஷமாகக் கேட்காமலே இருந்தான். அதைத் தன் நல்ல குணமென்று நினைத்திருந்தான். மேடத்தின் தாளில் மூன்று சென்ரிமீட்டர் அகலத்துக்குக் குறிப்பு எழுத இடம் இருந்தது. அவ்வளவு இடத்தைக்கூட வீட்டில் அவன் அவளுக்கு விட்டுவைக்கவில்லை.

பையிலிருந்து தள விபரப் படிவத்தை எடுத்தான். பின்புறம்: மண் சுவர். ஒலித்தடுப்பு: நன்று. அவன் கையெழுத்துத்தான். அழகாக இருந்தது. ஆடும் பஸ்ஸில் பேனாவைப் பிடித்து அந்தக் கடைசிச் சொல்லை வெட்டினான். அதற்குப் பதில் என்ன எழுதுவதென்று பதுளை வரும்வரை தெரியவில்லை.

திங்கட்கிழமை மேடம் தாளைப் புரட்டினார். "இந்த அம்பத்துநாலு ஆர்?"

"நான்தான் மேடம்."

"இதை விலத்திப் போட்டுக் கணக்குப் பாப்பமோ?"

"இல்ல மேடம். உள்ளதுதானே. இருக்கட்டும்."

மேடம் சிரித்துக்கொண்டே கீழே வாசித்தார். பிறகு சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, பத்து வருஷமா இந்தத் தாளை எல்லாரிட்டையும் குடுக்கிறன். குறிப்பெழுத விட்ட இடம் காணாதெண்டு இண்டைக்குத்தான் விளங்குது."

அன்று சாயந்தரம் பிரதீஷ் தன் இரண்டாவது பெரிய முடிவை எடுத்தான். அவளிடம் சொல்லாமல், தானே போய் வீட்டை வேண்டாமென்று சொல்லிவிடுவது. அவள் கேட்காமலே விட்டுக்கொடுப்பது. இரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது அவளை முந்திக்கொள்வது. மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஸலீம் பாயின் துணிக்கடை. தொண்டையைச் செருமிக்கொண்டு போய் நின்றான்.

"பாய், மன்னிக்கணும். அந்த வீடு எங்களுக்குச் சரிவராது."

ஸலீம் பாய் துணி அளந்த கையை நிறுத்தினார். "எந்த வீடு தம்பி?"

"சரிவில இருக்கிற வீடு."

"அத ஒங்க வீட்டு ஆளு அப்பவே வேணாம்னு சொல்லிட்டாங்களே! நீங்க வந்து பாத்தீங்கல்ல, அதுக்கு மறுநாளே. வீட்ட பலீலா டீச்சருக்குப் பேசியாச்சு. பின்னுக்கு மண்ணு நிக்கிற விதம் சரியில்ல, கல்லுச் சுவர் எழுப்பாம யாரையும் இருத்தாதீங்கன்னு என்னைப் புடிச்சு ஏசிட்டுப் போனாங்க. மேசனும் பேசிட்டேன். சுவர் முடிஞ்சுதான் டீச்சர் வருவாங்க."

"அப்ப சனிக்கெழம?"

"ஒரு நாளைக்கு மட்டும் சாவி தாங்க பாய்னாங்க. எதுக்கும்மான்னு கேட்டேன். 'என்னால வாயால சொல்ல ஏலாது, அவருக்கும் வாயால சொன்னா வெளங்காது, எழுதித்தான் காட்டணும்'னாங்க. காட்டிட்டாங்களா?"

"காட்டிட்டாங்க" என்றான் பிரதீஷ்.

பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். மரப்படியில் ஒவ்வொரு படியாக ஏறினான். என்ன சொல்லி ஆரம்பிப்பதென்று பாதிப் படியில் நின்று யோசித்தான். கோபப்படவா, கட்டிக்கொண்டு அழவா, அல்லது இரும்புக் கடைச் சத்தத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி உள்ளே போய் உட்காரவா?

கதவு திறந்திருந்தது. குசினியில் தேங்காய் துருவும் சத்தம். ஜன்னலில் இன்னும் ஒரு வாரத்துக்கு இருக்கவேண்டிய மீட்டர். மேசையில் தாள். கடைசி வரியில் மை இன்னும் காயவில்லை.

5.45 – 61 – மரப்படி, கணவர் – பாதியில் நிண்டுட்டார். ஸலீம் பாய் சொல்லிட்டார் போல.