கிரீச் சாரின் காது

தஞ்சாவூர் ஜில்லாவில் ஓடிய அத்தனை சைக்கிள்களின் முனகலும் ஒரே மனிதரின் காதில்தான் போய் விழுந்தது. பூதலூரில் பத்திரம் எழுதும் இடத்தில் என்னோடு வேலை பார்த்தவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் கிரீச் சார்.

வெள்ளைக்காரன் காலத்துச் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். அதில் ஒரு சத்தம் கிளம்பிவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. மிதிக்காமல் உருட்டிப் பார்ப்பார். சத்தம் நின்றால் பெடலில் கோளாறு. எழுந்து நின்று மிதிப்பார்; சத்தம் நின்றால் சீட்டில் கோளாறு. ஒரு தடவை, பின்சக்கரத்துக்குக் காதைக் கொடுத்தபடி என்னைக் கடைத்தெரு முழுக்கக் கூடவே ஓடி வரச் சொன்னார். ஓடினேன். அவர் என்னைக் காதைப் பிடித்து இழுத்துப் போனதாக ஊரே பேசிக்கொண்டது.

நிலத் தகராறு முற்றியிருந்த காலம். விவசாயிகள் சங்கத்துக்காரரும் பண்ணைக் காரியஸ்தரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இருவரையும் ஒரே வேப்பமரத்தடியில் நிறுத்தி, "ரெண்டு வண்டியிலயும் செயின் தொய்ஞ்சிருக்கு, இறங்குங்க" என்றார் சார். இறங்கினார்கள்.

என் மாமா மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், குத்தகைக்குப் பயிரிட்டு வந்தார். பழைய மிராசுதார் போனதும் அவர் மகன், "யார் இவர்?" என்று கேட்டுவிட்டார். மிராசுதார் கைப்பட எழுதிய குத்தகைச் சீட்டு ஒன்றுதான் ஆதாரம். மாமா அதைத் தன் வெற்றிலைப் பெட்டியில் வைத்து, பெட்டியை மஞ்சள் பையில் போட்டு, கிரீச் சார் வண்டியின் கேரியர் கம்பியில் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பத்து மணிக்குத் தாசில்தார் விசாரணை. நான் என் வண்டியில் முன்னால் போனேன்.

கிளம்பியதிலிருந்தே சார் வண்டியில் கடக் கடக் என்று ஒரு சத்தம். மூன்று தடவை இறங்கித் தேடினார். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஆபீஸ் கட்டடம் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் நாலாவது தடவையாகப் பிரேக்.

"இப்ப என்ன சார்?"

"சத்தம் நின்னு ஒரு மைல் ஆச்சு பெரியவரே."

"நல்லதாப் போச்சு, மிதிங்க. கூப்பிடுறப்ப நான் இல்லன்னா நிலம் போயிடும்."

"நான் ஒண்ணுமே பண்ணலையே. பண்ணாம எப்படி நிக்கும்?"

வண்டியைத் திருப்பிவிட்டார். மாமா அவருடைய ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தார். ஒரு மைல் பின்னால், பஸ் ஏறி மிதிக்கட்டும் என்று ரோட்டில் பரப்பியிருந்த உளுந்துச் செடியின் மேல் காது அறுந்த மஞ்சள் பை கிடந்தது. உள்ளே பெட்டியும் சீட்டும் பத்திரம். அவ்வளவு நேரமும் பெட்டிக்குள் ஆடியது பாக்குவெட்டி.

பியூன் மூன்றாவது முறை கூப்பிட்டபோது மாமா மூச்சிரைக்க உள்ளே ஓடினார். சீட்டைப் பார்த்து, குத்தகைதாரர் என்று அவர் பெயரைப் பதிந்தார்கள். வெளியே வந்தவர் சாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாக்குவெட்டியத் துணியில சுத்தி வைங்க" என்றார் கிரீச் சார்.

அந்த மூன்று மாவில் விளைந்த சோற்றைச் சாப்பிட்டுத்தான் மாமா பிள்ளைகள் வளர்ந்தார்கள். கிரீச் சாரைக் கிறுக்கர் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.